டான், டஸ்க், மிட்நைட்: ஆங்கிலத்தில் பொழுது சொல்லப் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் ஓரளவு படிக்க வரும், தட்டுத் தடுமாறியாவது பேசவும் வரும். ஆனால் "பை மிட்நைட்", "டான் டு டஸ்க்", "நெக்ஸ்ட் ஃப்ரைடே" என்று எதிரில் வந்து நின்றால் எந்த மணி, எந்தத் தேதி என்று சட்டெனப் பிடிபடாது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலக்கணப் புத்தகம் ஒரு துண்டைச் சொல்கிறது. அகராதி இன்னொரு துண்டைச் சொல்கிறது. மீதி டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. எல்லாவற்றையும் தேடிச் சேர்த்துப் புரிந்துகொள்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இதற்கு ஒரு காசும் செலவில்லை. கையில் ஒரு போன், அப்புறம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலக் காகிதங்கள் இரண்டு மூன்று: பழைய டிக்கெட், ஏதோ ஒரு அப்பாயின்ட்மென்ட் மெயில், மருந்துச் சீட்டு. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். தினம் கால் மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் முழுவதும் கைவந்துவிடும்.

1. முதலில் சொற்களை மூன்றாகப் பிரியுங்கள்

பொழுதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. நூன், மிட்நைட் இரண்டும் கடிகாரத்தை ஒட்டியவை. சன்ரைஸ், டான், சன்செட், ட்வைலைட், டஸ்க் ஆகியவை வானத்தை ஒட்டியவை. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். மார்னிங், ஆஃப்டர்நூன், ஈவ்னிங், நைட் ஆகியவை மனிதர்களின் அன்றாடத்தை ஒட்டியவை: எழுவது, வேலை பார்ப்பது, வீடு திரும்புவது, தூங்குவது.

இந்த மூன்றாவது வகையில்தான் நாம் அதிகம் தடுக்கி விழுகிறோம். லண்டனில் ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு 9:20 ஆகும். டிசம்பர் நடுவில் 3:50 மணிக்கே மறைந்துவிடும். ஆனாலும் இரண்டு மாதங்களிலும் 7 மணி என்பது அவர்களுக்கு ஈவ்னிங்தான். டிசம்பரில் 4 மணிக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருக்கும். அதையும் ஆஃப்டர்நூன் என்றே சொல்வார்கள். வெளிச்சத்தை வைத்து ஈவ்னிங்கை அளக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

ஆகவே ஒரு சொல்லைப் பார்த்ததும், இது எதை ஒட்டியது என்று கேளுங்கள். கடிகாரத்தை ஒட்டியது என்றால் தேதியைச் சரிபாருங்கள். வானத்தை ஒட்டியது என்றால் அந்த ஊருக்கு அன்றைய நேரம் என்ன என்று தேடுங்கள். மனிதர்களை ஒட்டியது என்றால் கூச்சப்படாமல் மணி கேளுங்கள். இனி வரும் படிகள் எல்லாம் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கின்றன.

2. காலை, மாலை, இரவு: எல்லைகள் வேறு

நாம் "மாலை 4 மணி" என்று சாதாரணமாகச் சொல்கிறோம், எழுதுகிறோம். ஆங்கிலத்தில் 4 மணி ஆஃப்டர்நூன். ஈவ்னிங் என்பது 5 அல்லது 6 மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. "ஐ வில் கம் இன் த ஈவ்னிங்" என்று நீங்கள் 4 மணியை மனதில் வைத்துச் சொன்னால், எதிராளி 6 மணிக்கு மேல்தான் உங்களை எதிர்பார்ப்பார். அவர் ஈவ்னிங் என்று சொன்னதை நம்பி நீங்கள் 4 மணிக்குப் போனால் பூட்டிய கதவின் முன் நிற்க வேண்டியிருக்கும்.

இரவுப் பக்கத்திலும் இதே சிக்கல். "இரவு 1 மணி", "ராத்திரி 2 மணி" என்பது நம் வழக்கம். ஆங்கிலத்தில் அது "ஒன் இன் த மார்னிங்", "டூ இன் த மார்னிங்". நள்ளிரவைத் தாண்டியதுமே மார்னிங் வந்துவிடுகிறது. 1 மணியிலிருந்து 4 மணி வரையான நேரத்தை "ஸ்மால் அவர்ஸ்" அல்லது "எர்லி அவர்ஸ்" என்றும் சொல்வார்கள். செய்தியில் "இன் த எர்லி அவர்ஸ் ஆஃப் சன்டே" என்று கேட்டால், நம் பேச்சில் அது சனிக்கிழமை ராத்திரி. கடிகாரக் கணக்கில் ஞாயிறு.

இதே இடத்தில் மூன்று சொற்றொடர்களைத் திருத்திக்கொள்ளுங்கள். "டுடே மார்னிங்" என்பதற்குப் பதில் "திஸ் மார்னிங்". "யெஸ்டர்டே நைட்" என்பதற்குப் பதில் "லாஸ்ட் நைட்". "டுடே நைட்" என்பதற்குப் பதில் "டுநைட்". ஆனால் "யெஸ்டர்டே மார்னிங்", "டுமாரோ மார்னிங்", "டுமாரோ நைட்" சரிதான், அவற்றைத் தொட வேண்டாம். லாஸ்ட் நைட் என்பது நேற்று ஏழு, எட்டு மணியையும் சேர்த்துக்கொள்ளும். தூங்கப் போன பிறகு நடந்தது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

வாழ்த்துகளில் ஒன்றே ஒன்றுதான் முக்கியம். இரவு 9 மணிக்கு ஒருவரைச் சந்தித்தாலும் "குட் ஈவ்னிங்". "குட் நைட்" விடைபெறும்போது மட்டும்.

3. வானத்துச் சொற்கள்: டான், ட்வைலைட், டஸ்க்

சன்ரைஸ், சன்செட் என்றால் சூரியன் எட்டிப் பார்க்கும் நேரம், மறையும் நேரம். சூரிய வட்டத்தின் மேல் விளிம்பு அடிவானத்தைத் தொடும் கணம்தான் கணக்கு. இது நிமிடத் துல்லியமானது. போனில் வானிலை ஆப்பைத் திறந்தால் அன்றைய இரண்டு நேரங்களும் இருக்கும்.

சூரியன் மறைந்த பிறகும் வெளிச்சம் உடனே போய்விடுவதில்லை. இந்த இடைப்பட்ட வெளிச்சம்தான் ட்வைலைட். விடிவதற்கு முன்னும் இதே வெளிச்சம் உண்டு, அதற்கும் இதே பெயர்தான். நம்மிடம் "கருக்கல்" என்ற சொல் காலைக்கும் மாலைக்கும் பொதுவாக வழங்குவதைப் போலத்தான் இது. அதனால் ட்வைலைட் என்று தனியாக வந்தால் காலையா மாலையா என்று சுற்றியுள்ள வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். பேச்சில் பெரும்பாலும் மாலையைத்தான் குறிப்பார்கள்.

டான், டஸ்க் இரண்டும் அப்படி இல்லை. டான் காலைக்கு மட்டும், டஸ்க் மாலைக்கு மட்டும். டானும் சன்ரைஸும் ஒன்றல்ல, டான் முந்தியது. முதல் வெளிச்சம் கசியத் தொடங்குவது டான், சூரியன் தலை காட்டுவது சன்ரைஸ். டேபிரேக் என்பதும் கிட்டத்தட்ட டான்தான். மாலையில் வரிசை தலைகீழ்: முதலில் சன்செட், அதற்குப் பின் டஸ்க், அப்புறம் நைட்ஃபால். பலர் சன்செட்டையும் டஸ்க்கையும் ஒன்றாக்கி, அரை மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

இதில் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும், ஏனென்றால் விதிமுறைகளில் இது வருகிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறது என்பதை வைத்து ட்வைலைட்டை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 6 டிகிரி வரை சிவில் ட்வைலைட்: விளக்கு இல்லாமலே வெளியில் வேலை பார்க்கலாம். 12 டிகிரி வரை நாட்டிக்கல் ட்வைலைட்: கடலில் அடிவானக் கோடு இன்னும் தெரியும். 18 டிகிரி வரை அஸ்ட்ரனாமிக்கல் ட்வைலைட்: அதற்கும் கீழே போனால்தான் வானியலாளர்களுக்கு முழு இரவு. ஒரு பட்டியலில் வெறுமனே "டஸ்க்" என்று ஒரு மணி போட்டிருந்தால், பெரும்பாலும் அது சிவில் ட்வைலைட் முடியும் நேரம்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் சன்செட்டுக்கும் இந்த டஸ்க்குக்கும் இடையே சுமார் 20 முதல் 25 நிமிடம்தான். வடக்கே போகப் போக அது நீளும். லண்டனில் ஜூன் கடைசியில் முக்கால் மணி நேரத்தையும் தாண்டிவிடும். இன்னும் வடக்கே போனால், கோடையில் சிவில் ட்வைலைட் ராத்திரி முழுக்கத் தீராமலே இருக்கும் ஊர்கள் உண்டு. "டஸ்க் வரை" என்று ஓரிடத்தில் பழகிய அளவை இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

விதிமுறைகளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டில் "இருள் நேரம்" என்பது சன்செட்டுக்கு அரை மணி கழித்துத் தொடங்கி, சன்ரைஸுக்கு அரை மணி முன்பு முடிகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் "நைட்" என்ற சொல்லுக்கு விளக்கம், மாலை சிவில் ட்வைலைட் முடிவதிலிருந்து காலை சிவில் ட்வைலைட் தொடங்குவது வரை. ஆக, ஓட்டுநர் தேர்வோ ட்ரோன் அனுமதியோ எழுதுபவர்கள் நைட் என்ற சொல்லைப் பார்த்தவுடன் அந்த ஆவணத்தின் விளக்கப் பகுதிக்குத் திரும்பி, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். அகராதி இதில் உதவாது.

பூங்கா வாசலில் "ஓப்பன் டான் டு டஸ்க்" என்று பலகை இருந்தால், கதவு மூடும் மணி மாதாமாதம் மாறும் என்று பொருள். விளக்குப் பெட்டியில் "டஸ்க் டு டான்" என்று அச்சிட்டிருந்தால் அதற்குள் வெளிச்சத்தை உணரும் சென்சார் இருக்கிறது, மணி எதுவும் வைக்க வேண்டியதில்லை.

4. 12 மணி என்ற கண்ணி

மற்றவற்றில் தவறினால் அரை மணி போகும். இதில் தவறினால் ஒரு நாளே போகும்.

ஏ.எம். என்றால் நண்பகலுக்கு முன், பி.எம். என்றால் நண்பகலுக்குப் பின். சரி, நண்பகல் எது? முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இன்றைய வழக்கத்தில் 12 பி.எம். என்றால் பகல் 12, 12 ஏ.எம். என்றால் நள்ளிரவு 12. போனும் கணினியும் இப்படித்தான் காட்டும். ஆனால் எல்லோரும் எப்போதும் இப்படி எழுதியதில்லை. அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடே 2008-க்கு முன் இதைத் தலைகீழாகத்தான் வைத்திருந்தது. அதனால் ஒரு மனிதர் கைப்பட "12 ஏ.எம்." என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள், கேளுங்கள். நீங்கள் எழுதும்போது "12 நூன்", "12 மிட்நைட்" என்று சொல்லாலேயே எழுதுங்கள்.

மிட்நைட்டில் இன்னொரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. "மிட்நைட், 15 மார்ச்" என்றால் 15-ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? இரண்டுக்கும் நடுவே 24 மணி நேரம் இருக்கிறது. விண்ணப்பத்தின் கடைசி நாள் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அந்த நாள் முடியும் நள்ளிரவைத்தான் சொல்வார்கள். ஆனால் "பெரும்பாலும்" என்பதை நம்பி அபராதம் கட்டும் அபாயத்தை எடுக்க வேண்டாம். முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான் நல்ல விண்ணப்பப் படிவங்களில் 23:59 என்றும், பல காப்பீட்டுப் பத்திரங்களில் 12:01 ஏ.எம். என்றும் போடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்தால் அச்சுப் பிழை என்று எண்ணாதீர்கள், வேண்டுமென்றே வைத்ததுதான்.

இதற்கு நான் கண்ட எளிய வழி: போனில் கடிகாரத்தை 24 மணி நேர முறைக்கு மாற்றிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் 17, 19, 21 என்று பார்க்க எரிச்சலாக இருக்கும். 12 கழித்தால் நமக்குப் பழகிய மணி. பிறகு டிக்கெட்டில் 00:30 என்று பார்த்தவுடன் கை தானாகத் தேதியைத் தேடும்.

5. நள்ளிரவு தாண்டிய டிக்கெட்

டிக்கெட்டில் "15 மார்ச், 00:30" என்று இருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. 15-ஆம் தேதி ராத்திரி சாமான் கட்டிக்கொண்டு போனால் விமானம் ஏறக்குறைய ஒரு நாள் முன்பே போயிருக்கும். வராத பயணிக்குப் பெரும்பாலான மலிவு டிக்கெட்டுகளில் பணம் திரும்பாது. பல நேரங்களில் திரும்பும் பயணத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்கள்.

டிக்கெட் கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை இவை. புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரம். சேரும் நேரத்தின் ஓரத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள் போய்ச் சேரும். "ஓவர்நைட்" என்று இருந்தால் இரவு முழுக்கப் பயணம் அல்லது இடையில் இரவு முழுக்கக் காத்திருப்பு; இரண்டில் எது என்று கட்டணம் செலுத்தும் முன்பே பாருங்கள். ஹோட்டல் அறையை முந்தின நாள் தேதிக்குப் போடுவதா, அன்றைய தேதிக்குப் போடுவதா என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். காலை 3 மணிக்குப் போய்ச் சேர்பவருக்கு அறை தயாராக இருக்க வேண்டுமென்றால் முந்தின இரவுக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த ஓர் இரவு வாடகை கூடுதல்தான். வரவேற்பறை நாற்காலியில் மதியம் வரை உட்கார்ந்திருக்கத் தயார் என்றால் மிச்சம் பிடிக்கலாம்.

பேச்சில் இன்னும் மோசம். "ஃப்ரைடே நைட் அட் ஒன்" என்று ஒருவர் சொன்னால் அவர் மனதில் இருப்பது சனிக்கிழமை பிறந்து 1 மணி. தேதியைச் சொல்லச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

6. கால், அரை, முக்கால்

தமிழில் ஐந்தே கால், ஐந்தரை, ஐந்தே முக்கால் என்று மூன்றிலும் ஐந்துதான் நிற்கிறது. ஆங்கிலத்தில் அரை மணி தாண்டியதும் அடுத்த மணிக்குத் தாவிவிடுவார்கள். "குவார்ட்டர் பாஸ்ட் ஃபைவ்", "ஹாஃப் பாஸ்ட் ஃபைவ்", ஆனால் ஐந்தே முக்காலுக்கு "குவார்ட்டர் டு சிக்ஸ்". தமிழில் யோசித்துக்கொண்டே பேசினால் "குவார்ட்டர் டு ஃபைவ்" என்று வாயில் வந்துவிடும். அது 4:45, ஒரு மணி நேரம் முன்பு. பதற்றமாக இருக்கும்போது "ஃபைவ் ஃபார்ட்டி ஃபைவ்" என்று எண்ணாகவே சொல்லிவிடுங்கள். யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை.

அமெரிக்கர்களிடம் "குவார்ட்டர் ஆஃப் சிக்ஸ்" கேட்கலாம். அதுவும் 5:45-தான். பிரிட்டனில் "ஹாஃப் சிக்ஸ்" என்பார்கள். அது நம் ஆறரை. ஜெர்மன் பேசுபவர்கள் தங்கள் மொழியில் இதே அமைப்பை ஐந்தரைக்குச் சொல்வதால், அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லும்போது ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

"ஓ கிளாக்" முழு மணிக்கு மட்டும். "ஃபைவ் தர்ட்டி ஓ கிளாக்" கிடையாது.

7. இன், அட், ஆன்

இதில் மனப்பாடம் தவிர வழியில்லை, ஆனால் பட்டியல் சிறியது. மார்னிங், ஆஃப்டர்நூன், ஈவ்னிங் மூன்றுக்கும் "இன் த". நூன், மிட்நைட், டான், டஸ்க், சன்ரைஸ், சன்செட் ஆகியவற்றுக்கு "அட்". நைட்டுக்கும் "அட் நைட்". கிழமை சேர்ந்துவிட்டால் "ஆன்": ஆன் மண்டே மார்னிங், ஆன் ஃப்ரைடே நைட். திஸ், லாஸ்ட், நெக்ஸ்ட், எவ்ரி, டுமாரோ, யெஸ்டர்டே முன்னால் வந்தால் எதுவும் வேண்டாம்.

"இன் த நைட்" என்று கேட்டால் தவறு என்று திருத்தாதீர்கள். ஒரு குறிப்பிட்ட இரவின் நடுவில் நடந்ததை அப்படிச் சொல்வார்கள்: குழந்தை இன் த நைட் எழுந்து அழுதது என்பது போல.

8. பை, அன்டில், வித்தின்

கெடு எழுதிய காகிதத்தில் பணம் போவது இந்தச் சின்னச் சொற்களால்தான். "பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்குள், வெள்ளியும் சேர்த்து. "பிஃபோர் ஃப்ரைடே" என்றால் வியாழனோடு முடிந்தது. "அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளி வரை தொடர்ந்து நடக்கிறது. "சப்மிட் அன்டில் ஃப்ரைடே" என்று எழுதினால் படிப்பவருக்கு விநோதமாக இருக்கும். சமர்ப்பிப்பது ஒரே முறை நடப்பது, அதனால் பை. அமெரிக்க ஆங்கிலத்தில் "மண்டே த்ரூ ஃப்ரைடே" என்று இருந்தால் வெள்ளி சந்தேகமில்லாமல் சேர்ந்தது.

"வித்தின் த்ரீ டேஸ்" மூன்று நாளுக்குள். "இன் த்ரீ டேஸ்" மூன்று நாள் கழித்து. இரண்டாவதைப் பார்த்துவிட்டு மறுநாளே போய்க் கேட்டால் வீண் அலைச்சல்.

காத்திருப்பதைச் சொல்லும்போது "சின்ஸ் டூ அவர்ஸ்" அல்ல, "ஃபார் டூ அவர்ஸ்". தொடங்கிய மணியைச் சொன்னால்தான் சின்ஸ்: சின்ஸ் நைன், சின்ஸ் திஸ் மார்னிங்.

9. நாள் கணக்கு

டே என்ற சொல்லுக்குப் பகல் என்றும் பொருள், 24 மணி நேரம் என்றும் பொருள். ஆவணங்களில் மூன்றாவது ஒன்றும் உண்டு: வொர்க்கிங் டே அல்லது பிசினஸ் டே. வார விடுமுறையும் பொது விடுமுறையும் இதில் சேராது. கேலண்டர் டே என்றால் எல்லா நாளும் சேரும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் விண்ணப்பம் கொடுத்தீர்கள், "ஃபைவ் பிசினஸ் டேஸ்" என்றார்கள். வழக்கமான கணக்கில் திங்கள் முதல் நாள், அடுத்த வெள்ளி ஐந்தாம் நாள். நடுவில் ஒரு பொது விடுமுறை வந்தால் அதற்கு அடுத்த திங்கள். எந்த நாட்டு விடுமுறை? அலுவலகம் இருக்கும் நாட்டு விடுமுறை. சில நாடுகளில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதையும் மறக்க வேண்டாம். பத்து பிசினஸ் டே என்று சொல்லும் இடத்தில் மூன்று வாரம் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள் என்பது என் கருத்து.

"எண்ட் ஆஃப் டே", "க்ளோஸ் ஆஃப் பிசினஸ்" இரண்டும் அலுவலக மெயில்களில் தாராளமாக வரும். முதலாவதை ஒருவர் 5 மணி என்பார், இன்னொருவர் தூங்கப் போகும் முன் என்பார். "வாட் டைம், ப்ளீஸ்?" என்று ஒரு வரி எழுதிக் கேட்பதில் தவறே இல்லை.

மருந்துச் சீட்டில் "எவ்ரி அதர் டே" என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். தினமும் அல்ல. சுருக்கெழுத்துகளில் பி.டி. அல்லது பி.ஐ.டி. தினம் இரண்டு வேளை, டி.டி.எஸ். அல்லது டி.ஐ.டி. மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப் போகும்போது. ஓ.டி. என்பதைச் சில இடங்களில் தினம் ஒரு வேளை என்று எழுதுவார்கள்; அதே எழுத்துகள் கண் மருத்துவத்தில் வலது கண்ணைக் குறிக்கும். மருந்து விஷயத்தில் ஊகமே வேண்டாம். மருந்தாளரிடம் டப்பாவின் மேல் முழுச் சொல்லாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

"நெக்ஸ்ட் ஃப்ரைடே" பற்றி ஆங்கிலம் தாய்மொழியானவர்களே ஒத்துப்போவதில்லை. செவ்வாயன்று சொன்னால், சிலருக்கு மூன்று நாளில் வரும் வெள்ளி, சிலருக்கு அதற்கு அடுத்த வாரத்து வெள்ளி. "பைவீக்லி" வாரம் இருமுறையாகவும் இருக்கலாம், இரு வாரத்துக்கு ஒருமுறையாகவும் இருக்கலாம். "ஃபார்ட்நைட்" 14 நாள், அதில் குழப்பமில்லை, ஆனால் அமெரிக்கர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. புதன்கிழமைக் கூட்டத்தை "டூ டேஸ் ஃபார்வர்ட்" நகர்த்திவிட்டோம் என்று மெயில் வந்தால், திங்கள் என்று எடுப்பவர்களும் உண்டு, வெள்ளி என்று எடுப்பவர்களும் உண்டு. முன்கூட்டி நகர்த்துவதைச் சொல்லும் "ப்ரீபோன்" என்ற சொல் இந்திய ஆங்கிலத்துக்கு வெளியே பலருக்குப் புரியாது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தேதிதான். தேதியையும் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் பிரிட்டனில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4.

10. வேறு நாட்டு நேரம் என்றால்

ஐ.எஸ்.டி. என்ற மூன்றெழுத்து இந்திய நேரத்துக்கும் உண்டு, இஸ்ரேல் நேரத்துக்கும் உண்டு, அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் உண்டு. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் கோடையில் நடப்பது இ.டி.டி. (கோடை நேரம்) என்றாலும் பலர் ஆண்டு முழுக்க இ.எஸ்.டி. (குளிர்கால நேரம்) என்றே எழுதுகிறார்கள். சுருக்கெழுத்தை நம்பாமல் ஊர்ப் பெயரை எழுதுங்கள்: லண்டன் டைம், நியூயார்க் டைம்.

கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை மாற்றும் நாட்களும் ஒன்றாக வருவதில்லை. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைக்கிறார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு. மார்ச்சில் நடுவில் வரும் இரண்டு மூன்று வாரங்களிலோ, அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பின் வரும் ஒரு வாரத்திலோ இணையவழி நேர்காணல் இருந்தால், வழக்கமாகக் கூட்டிக் கழிக்கும் மணி தப்பாகப் போகும். அன்றைய தேதியைப் போட்டு போனில் தேடிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

11. பதில் எழுதி உறுதி செய்யுங்கள்

நேரம் குறித்த மெயில் எது வந்தாலும் ஒரு வரியில் பதில் எழுதுங்கள். கிழமை, தேதி, 24 மணி நேர முறையில் மணி, ஊர்: "ஜஸ்ட் டு கன்ஃபர்ம்: ஃப்ரைடே, 13 மார்ச், 17:30, லண்டன் டைம்." கிழமையும் தேதியும் சேர்ந்து இருந்தால் ஒன்று தவறினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். டுநைட், டுமாரோ போன்ற சொற்களை இந்த வரியில் போடாதீர்கள். நீங்கள் ராத்திரி 11 மணிக்கு எழுதியதை அவர் மறுநாள் காலையில் படிப்பார்.

தொலைபேசியில் சொன்ன நேரம் என்றால் பேசி முடித்ததும் இதே வரியை மெயிலாகவோ குறுஞ்செய்தியாகவோ அனுப்புங்கள். அவர்கள் "யெஸ்" என்று அனுப்பும் பதிலை டிக்கெட், ரசீதுகளோடு சேர்த்து வையுங்கள். நேரம் மாறிப்போய் மறுபதிவுக் கட்டணம் கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆவணம் அதுதான்.